நான்காவது மெஷின் கேட்டது

சுலக்ஷனாவைத் தெரிந்த யாரும் இதைக் கட்டுக்கதை என்று சொல்ல மாட்டார்கள். பேய் என்றாலே சிரிக்கிற பெண் அவள். போன ஐப்பசியில், இலங்கை மலையகத்து டிக்கோயாவில், பட்டப்பகலில் அவளுக்கு நடந்தது இது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

தேயிலைத் தோட்டத்துப் பழைய குவாட்டர்ஸ் ஒன்றில் தனியாகக் குடியிருந்து, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்த்து வந்தாள். குரல் பதிவு செய்யும் மென்பொருள் ஒன்றைத் தயாரிக்கும் வேலை. அது எல்லா ரகக் கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டும். ஒவ்வொரு ரகச் சிப்புக்கும் அதைத் தனித்தனியாகத் தயாரிக்க வேண்டும். அதற்குப் பெயர் பில்ட். அதனால் அவள் மேசையில் நான்கு சின்ன மெஷின்கள், நான்கும் வெவ்வேறு ரகம். கொழும்பிலிருக்கும் கூட்டாளி நிரஞ்சன் நிரலில் ஒரு வரியை மாற்றினால் போதும். நான்கும் தாமாகவே பில்ட் செய்து, அவள் அறையின் சத்தத்தைச் சில வினாடிகள் பதிவு செய்து பார்க்கும். நான்குக்கும் மைக் ஒன்றுதான். நான்கு பதிவும் ஒன்றுபோல இருந்தால் பாஸ்.

அன்று பின்னேரம், மூன்று மணி போல, மழை கொட்டியது. மென்பொருளை மறுநாள் வெளியிட்டே ஆக வேண்டும். மூன்று மெஷின்கள் பாஸ். நான்காவது ஃபெயில்.

ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். மூன்று பதிவுகளில் கூரைத் தகரத்தில் மழை இரைந்தது. நான்காவதில்... மழையே இல்லை.

சளக்... சளக்...

ஈரக் காலோடு யாரோ நடக்கிற சத்தம். தூரத்தில்.

நிரஞ்சனைக் கூப்பிட்டாள். "நாலாவதுல ஏதோ பழைய பதிவு கலந்துருச்சு போல."

"அதெப்படிங்க? எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தானே டெஸ்ட் தொடங்குது. இருங்க, ஒரு வரி மாத்தி அனுப்புறேன்."

மறுபடி பில்ட் ஓடியது. மூன்று பாஸ். நான்காவது ஃபெயில்.

இப்போது காலடிச் சத்தம் கிட்டத்தில் கேட்டது. வந்தது... நின்றது. பிறகு மூச்சு. மைக்கிற்குப் பக்கத்தில்.

மைக் அவள் கைக்குப் பக்கத்தில் இருந்தது.

சட்டென்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. தரை காய்ந்து கிடந்தது.

"போதும், நிறுத்துங்க" என்று சொல்லப் போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. நான்கு மெஷின்களிலும் பச்சை விளக்கு சிமிட்டியது. மூன்றாவது தடவையாக பில்ட் ஓடியது.

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டாள்.

"சுலக்ஷனா..."

பெண் குரல். கடைக்குப் போகத் துணைக்குக் கூப்பிடுவது போல, வெகு சாதாரணமாக.

வயர்களைப் பிடுங்கினாள்.

ஓடினாள்.

பக்கத்து வீட்டு இராசம்மா தலை துவட்டத் துவாயைக் கொடுத்து உட்கார வைத்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் விசாரித்தாள்.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டதுக்கு நீ பதில் குடுத்தியா?"

"இல்லக்கா. வாயே தெறக்கல."

இராசம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். "அப்ப பயமில்ல."

அன்றிரவு சுலக்ஷனா அங்கேயே தூங்கினாள். காலையில் நிரஞ்சனிடமிருந்து அழைப்பு வந்தது.

"நேத்து பின்னேரம் கொழும்புக்கு வந்தீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"அந்த நாலாவது ரக மெஷின் என் ரூம்லயும் மைக்கோட ஒண்ணு இருக்கு. உங்களுக்கு ஓடுன அதே டெஸ்ட், அதே நேரத்துல அதுலயும் ஓடிருக்கு. நான் ஆபீஸ்ல இருந்தேங்க. ரூம் பூட்டித்தான் கெடந்துச்சு. ஆனா..."

அவன் பதிவை ஓட விட்டான்.

முதலில் வெறும் அமைதி. பிறகு ஒரு குரல். சந்தேகமே இல்லை, அது சுலக்ஷனாவின் குரல்தான்.

"ம்... இந்தா வர்றேன்."