கிருமிகளுக்குப் பொறுப்பாக இருந்தேன்

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படித்தபோது கிருமிகளுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். நானாகக் கேட்டு வாங்கிய பொறுப்பல்ல. எங்கள் குழு முதன்முதலாகக் கூடிய காலையில், மடுல்சீமையிலிருந்து நான் வந்த பஸ் பசறைக்குக் கிட்ட பழுதாகி நின்றுவிட்டது. பதுளைக்கு வந்து சேர்ந்தபோது மரபணு வடிவமைப்பு, கணினி வேலை, போஸ்டர், வீடியோ எல்லாவற்றுக்கும் ஆள் அமைந்துவிட்டது. மிஞ்சிக் கிடந்தது உயிரியல் பாதுகாப்பு. அதை எனக்குக் கொடுத்துவிட்டு எல்லோரும் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள்.

திட்டம் இதுதான்: ஆய்வுகூடத்தில் வளர்க்கும் சாதுவான ஒரு பாக்டீரியாவுக்குள் புதிய மரபணு ஒன்றை வைப்பது. தண்ணீரில் உரத்தின் நைட்ரேட் அளவுக்கு மீறி இருந்தால் பாக்டீரியா சிவப்பாக வேண்டும். தேயிலைத் தோட்டத்துப் பீலிகளில், மலை ஊற்றிலிருந்து வரும் தண்ணீரை இப்படிச் சோதிக்கலாம் என்று எங்கள் எண்ணம். வருட முடிவில் வெளிநாட்டு நடுவர்கள் முன்னிலையில், இணையவழியில் ஒரு மாணவர் போட்டி இருந்தது.

என் வேலை, எல்லோரையும் தடுப்பது. ஆய்வுகூடக் குளிர்சாதனப் பெட்டியில் மதியச் சோற்றை வைக்க விடமாட்டேன். வெள்ளைக் கோட்டோடு கன்டீனுக்குப் போனவர்களைத் திருப்பிக் கூட்டிவந்தேன். பயன்படுத்திய தட்டுகளை ஆட்டோகிளேவில் போட்டுக் கொன்ற பிறகுதான் குப்பைக்கு அனுப்பலாம். ஆட்டோகிளேவ் என்பது பெரிய பிரஷர் குக்கர் மாதிரி ஒன்று. அது விசில் அடிக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி, நாங்கள் மாற்றியமைத்த உயிர் ஆய்வுகூடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது. வீடியோவில் நன்றாக இருக்கும் என்று பாக்டீரியாவைப் பீலிக்கே கொண்டுபோக நினைத்திருந்தார்கள். முடியாது என்றேன். தண்ணீர்தான் இங்கே வரவேண்டும். குழுவில் மரபணு வடிவமைப்பைச் செய்த பண்டாரவளைக்காரன் அன்றிலிருந்து என்னைச் 'சேஃப்டி மெடம்' என்று கூப்பிடத் தொடங்கினான். அவனுடைய வாப்பாவுக்குப் பண்டாரவளையில் பலசரக்குக் கடை. எங்கள் குழுவுக்கு வேண்டிய குளோரின் திரவம் அந்தக் கடையிலிருந்துதான் வந்தது. அதனால் நானும் அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை.

முதல் தண்ணீரை அம்மாவிடம் சொல்லி அனுப்பச் செய்தேன். அம்மா கொழுந்து பறிக்கப் போகிறவர். காலையில் பீலியில் பிடித்து, சோடாப் போத்தலில் ஊற்றி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். வாங்கியபோது போத்தல் இளஞ்சூடாக இருந்தது. அம்மாவுக்குக் கோல் எடுத்தேன்.

"ஏம்மா சுடுது?"

"கிருமி இருக்கும்னு கொதிக்க வச்சேன். புள்ளைங்க தொட்டுப் பாக்குற தண்ணி இல்லையா?"

கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும். இன்னொரு தடவை பச்சையாகவே அனுப்பச் சொன்னேன். நான் பதுளையில் கிருமி ஒழிப்புக்குப் படிப்பதாக அம்மா நாங்கள் குடியிருக்கும் லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். லீவுக்குப் போனால் கழிவுநீர்க் கான் அடைத்துக்கொண்டதைப் பற்றியும் கக்கூஸைப் பற்றியும் என்னிடம் முறையிட்டார்கள். சிலவற்றைத் தோட்ட ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்தேன். ஒரு கானைச் சுத்தம் செய்தும் விட்டார்கள். படித்ததால் ஊருக்குக் கிடைத்த நன்மை அதுவரை அந்தக் கான்தான்.

பாக்டீரியா நெடுநாள் ஒத்துழைக்கவில்லை. பீலித் தண்ணீருக்கும் சிவந்தது, குழாய்த் தண்ணீருக்கும் சிவந்தது, வடித்தெடுத்த சுத்தமான தண்ணீருக்கும் சிவந்தது. பண்டாரவளைக்காரன் மரபணுவை மாற்றி மாற்றி வைத்தான். அவன் தாடி வளர்ந்தது. ஐப்பசி முடியும் சமயம், ஒரு திங்கட்கிழமை, உரம் கலந்த தண்ணீருக்கு மட்டும் சிவந்து மற்றதெல்லாம் வெளுப்பாகவே நின்றது. நாங்கள் கத்தவில்லை. மறுபடி செய்து பார்த்தோம். மறுபடியும் சரியாக வந்தது. அதற்குப் பிறகுதான் கத்தினோம். நான் கத்துவதற்கு வெளியே போனேன்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது.

ஊவா மலைகளில் மழை புதிதில்லை. ஆனால் அந்த மழை நிற்கிற மழையாகத் தெரியவில்லை. குழுவில் மற்றவர்கள் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். ஹாலிஎலப் பக்கமும் பசறைப் பக்கமும் வீதிகள் இடிந்ததால், நானும் பண்டாரவளைக்காரனும் விடுதிகளில் மாட்டிக்கொண்டோம். கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது. டீசல் வர வழியில்லாமல் அதுவும் நின்றது. அம்மாவுக்குக் கோல் போகவில்லை. பிறகு, ஆய்வுகூடத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில் வெடிப்பு விழுந்திருப்பதை அதிகாரிகள் பார்த்ததால், அன்று பின்னேரத்துக்குள் கட்டடத்தைக் காலி செய்யவேண்டும் என்று உத்தரவு வந்தது.

எங்கள் விரிவுரையாளர் வெலிமடையில் அகப்பட்டிருந்தார். நல்ல வேளையாக அவருடைய போன் மட்டும் கிடைத்தது. அவர் சிங்களத்தில் பேசினார்.

"நான் அங்கே இல்லை, மகள். நீதான் இருக்கிறாய். நீயே தீர்மானி. எதைச் செய்தாலும் கையுறை போட்டுக்கொண்டு செய்."

அதோடு லைன் அறுந்தது.

ஃப்ரீசருக்குள் பனி உருகத் தொடங்கியிருந்தது. சரியாக வந்த பாக்டீரியா முழுவதும் உள்ளே ஒரு சிறிய பெட்டியில் இருந்தது. டி.என்.ஏ.யை மட்டும் பிரித்தெடுத்தால் அது உயிரில்லை, அதைக் கொண்டுபோகலாம். பிரிப்பதற்குச் சுழற்றும் இயந்திரம் வேண்டும். இயந்திரத்துக்குக் கரண்ட் வேண்டும்.

பண்டாரவளைக்காரன், குளிர் போகாமல் வைக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றோடு வந்தான்.

"ஹாலிஎலப் பக்கம் மண்ண அள்ளிட்டாங்களாம், மெயின் ரோட்டால ஆமி லொறி ஒண்டு பண்டாரவளைக்குப் போகுதாம். ஏத்திட்டுப் போவாங்க. வாப்பாட கடையில பெரிய ஃப்ரீசர் இரிக்கி, ஐஸ்கிரீம் வெக்கிற. கீழால ஒளிச்சு வெச்சா யாருக்கும் தெரியாது."

"ஐஸ்கிரீம் பக்கத்துலயா?"

"கீழால எண்டு சொன்னேன்தானே."

"முடியாது."

"அப்ப ரூமப் பூட்டிட்டுப் போவம். இங்கயே இரிக்கட்டும்."

மேடு சரிந்தால் கட்டடம் போய் விழும் இடம் கீழே ஓடும் ஓடை. அந்த ஓடைக்கரையில் வீடுகள் இருந்தன. அதைச் சொன்னேன்.

அவனுக்குக் குரல் உயர்ந்தது. "மல சரிஞ்சு வந்தா மனுசன் மௌத்தாகுவான். அந்த நேரம் உன்ட பாக்டீரியாவ யாரு பாக்கப் போற?"

"யாரும் பாக்க மாட்டாங்க. அதுக்குத்தான் என்னைய வச்சிருக்காங்க."

அவன் ரெஜிபோம் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். நான் கையுறை போட்டேன். கரண்ட் இல்லாததால் ஆட்டோகிளேவ் ஓடாது. அவன் வாப்பாவின் கடையிலிருந்து வந்த குளோரின் திரவம்தான் இருந்தது. புதிதாகக் கலந்து, பெட்டியிலிருந்த சிறு குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து வாளியில் போட்டேன். தட்டுகளையும் ஊறவைத்தேன். சிவப்பு முதலில் மஞ்சளானது. பிறகு மங்கி, ஒன்றுமில்லாமல் போனது. அது ஊறவேண்டிய நேரம் வரை காத்திருக்க வேண்டும் என்பது விதி. மேட்டைப் பார்த்தபடி காத்திருந்தோம். எனக்கு அழுகை வந்தது. கையுறையோடு முகத்தைத் தொடக்கூடாது என்பதால் துடைக்கவில்லை.

மேடு சரியவில்லை.

அன்றைக்கும் சரியவில்லை, அதற்குப் பிறகும் சரியவில்லை. மழை விட்டதும் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், மண் நகர்வதை அளக்கக் கம்பி ஒன்றை நட்டு வைத்தார்கள், கட்டடத்தைத் திறந்துவிட்டார்கள். வேறு எத்தனையோ மேடுகள் சரிந்திருந்தன. எங்களுடையது மட்டும் அசையாமல் நின்றது. அதைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வந்ததையும், ஆத்திரப்பட்டதற்காக வெட்கமாக இருந்ததையும் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா கடைசியில் ஒருவழியாக லைனில் கிடைத்தார். லயத்தை விட்டுப் பள்ளிக்கூடத்தில் போய் இருந்தார்களாம், எல்லோரும் சுகமாம்.

"ஒன் கிருமியெல்லாம் என்னாச்சு?"

"கொன்னுட்டேம்மா."

"நல்லது புள்ள. அதுக்குத்தானே படிக்கப் போன."

போட்டிக்குப் படங்களை மட்டும் காட்டினோம். ஒரு நடுவர், இறுதிப் பெறுபேறுகள் எங்கே என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, போஸ்டரில் எழுத்து சிறிதாக இருப்பதாகச் சொன்னார். கலந்துகொண்டதற்கான சான்றிதழ் வந்தது.

பண்டாரவளைக்காரன் அதுவரை என்னோடு வேலைப் பேச்சைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. சான்றிதழ் வந்த அன்று கன்டீனில் தேநீரை எடுத்துக்கொண்டு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"கடையிலயும் கரண்ட் நிண்டுட்டு, தெரியுமா?"

"ம்."

"ஐஸ்கிரீம் எல்லாம் உருகப் பாத்திரிக்கி. பூனாகலப் பக்கம் வீடு இடிஞ்சு போன ஆக்கள் கிட்டத்து ஸ்கூல்லதான் இருந்தாங்க. வாப்பா பொடியன்மார்ட சொல்லி ஃப்ரீசர அடியோட காலி பண்ணி, எல்லாத்தயும் பெட்டி பெட்டியா அங்க அனுப்பிட்டார். என்ன இரிக்கி எண்டு தொறந்தும் பாக்கல்ல."

அந்தப் பாக்டீரியா யாரையும் ஒன்றும் செய்திருக்காது. அது மனிதக் குடலில் பிழைக்க முடியாதபடி பலவீனமாக்கிய வகை. எனக்கும் அது தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் வீட்டைப் பறிகொடுத்துவிட்டு வகுப்பறைத் தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய், பிள்ளையின் கையில் கொடுப்பதற்காக ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளே நாங்கள் எண் எழுதிய குழாய்களைக் காண்பதை இருவரும் நினைத்துப் பார்த்தோம்.

"நீ செஞ்சது சரி எண்டு சொல்ல வரல்ல" என்றான்.

"சரி."

"ரெண்டு நாளைக்குப் பாத்துட்டுச் செஞ்சிரிக்கலாம்."

"ரெண்டு நாளைக்கு அங்க நிக்க விட்டிருக்க மாட்டாங்களே."

அவன் தேநீரைக் குடித்தான். மரபணுவின் வரைபடம் கணினியில் இருந்தது. மறுபடி செய்வித்து எடுக்கலாம், நாளாகும். அடுத்த வருடக் குழுவிடம் அதைக் கொடுக்கலாமா என்று கேட்டான். கொடுக்கலாம் என்றேன். தேநீருக்குச் சீனி போதாது என்று சொல்லி, எனக்கும் சேர்த்துச் சீனி வாங்கிவர எழுந்து போனான்.