மேட்டுக்காணி

கல்முனைக்குடியில் பூங்கன்று விற்கும் ஹுஸ்னியாவுக்கு ஒரே ஒரு பைத்தியம். ரோஜாவும் குரோட்டனும் வயிற்றுப்பாட்டுக்கு. மனசு கிடப்பதோ இந்த மண்ணில் தானாக முளைக்கும் செடிகளில். அவற்றை மட்டுமே வைத்து ஒரு தோட்டமாவது போட்டுவிட வேண்டும் என்று எத்தனையோ வீடுகளில் கேட்டுப் பார்த்தாள். புதர்ப் பத்தை வளர்க்கவா வீட்டு வளவு வைத்திருக்கிறோம் என்று சிரித்தார்கள்.

அதனால் சாய்ந்தமருது ஸம்றா டீச்சர் தொலைபேசியில் பேசியபோது அவளுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. புது வீடாம். மேட்டுக்காணியாம், கொளுத்தும் வெயிலாம், தண்ணீர் குறைவாம், நம்நாட்டுச் செடிதான் வேண்டுமாம். இதற்குமேல் என்ன கேட்க இருக்கிறது? இந்தக் கரையில் மேட்டுக்காணி என்றால் வயலைவிடக் கொஞ்சம் உயர்ந்த, வாய்க்கால் தண்ணீர் ஏறாத நிலம். அருகே மாவடிப்பள்ளிப் பக்கமாய் இருக்கும் என்று தானே முடிவுகட்டி, ஆவாரை, பூவரசு, அடம்பன்கொடி என்று டீச்சர் அனுப்பிய லொறி நிறைய ஏற்றிக்கொண்டு தானும் ஏறினாள்.

லொறி அம்பாறையையும் தாண்டிய பிறகுதான் எங்கே போகிறோம் என்று சாரதியைக் கேட்டாள். வெலிமடைக்கு, டீச்சரின் கணவர் ஊர் அதுதானே என்றான் அவன். ஹுஸ்னியா பின்னால் ஏற்றியிருந்த கன்றுகளைத் திரும்பிப் பார்த்தாள். மலை! கடற்கரை மணலில் படரும் அடம்பன் அந்தக் குளிரில் என்ன செய்யும்? வராது வந்த ஒரே தோட்டத்தையும் அவசரப்பட்டுக் கெடுத்துவிட்டேனே என்று வழியெல்லாம் தன்னையே ஏசிக்கொண்டாள்.

இறங்கியதும், கொண்டுவந்த கன்றுகள் இங்கே பிழைக்காது என்று அங்கே காத்திருந்த ஸம்றாவிடம் மறைக்காமல் சொன்னாள். ஸம்றாவின் முகம் வாடிவிட்டது. அபாயாவைக் காற்று பிடித்திழுக்க, காணியைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிய ஹுஸ்னியா சரிவில் ஓரிடத்தில் நின்றாள். ஓர் இலையைக் கிள்ளினாள். விரலில் பிசுக்கு ஒட்டியது. விராலி! அவள் ஊர்க் கடலோரத்தில் நிற்கும் அதே விராலி, இவ்வளவு உயரத்தில், யாரும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றாமல். அதற்கப்பால் நெல்லி. அதன் கீழே இடுப்பளவு மானாப்புல். சந்தோஷம் தாங்காமல் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சரிவெல்லாம் ஓடித் திரிந்தாள்.

ஸம்றாவுக்கு வெட்கமாய்ப் போயிற்று. "அந்தப் பத்தையளப் பாக்காதீங்க ராத்தா. நாளைக்கு பெக்கோ மெசின் வந்து எல்லாத்தையும் வழிச்சிரும்."

ஹுஸ்னியா மூச்சு வாங்கத் திரும்பினாள். "மெசின வர வேணாமெண்டு சொல்லுங்க புள்ள. உங்கட தோட்டத்த அல்லாஹ் எப்பவோ நட்டு வெச்சிட்டான். நடக்க வழி மட்டும் நான் வெட்டித் தாறன்."

ஸம்றா சரிவை ஒருமுறை முழுதாகப் பார்த்தாள். பிறகு கைப்பேசியை எடுத்து மெசின்காரனின் இலக்கத்தைத் தேடினாள்.