நிறம் இறங்கக் கால் மணி நேரம்: தி. நகர் முதல் அடையாறு வரை குங்குமப்பூ தேடி

குங்குமப்பூ வாங்க ஒரு நாள் லீவு போட்டவள் சென்னையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போன வியாழக்கிழமை போட்டேன். காரணம் என் தங்கை சுதா. ஏழு மாதம், ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. அடையாற்றில் அவளுடைய மாமியார் ஜெயம் மாமி ஏழு வாரமாகத் தினமும் குங்குமப்பூப் பால் கலந்து கொடுக்கிறார். புதன்கிழமை சுதா போனில் கிசுகிசுத்தாள்: "அக்கா, போட்ட ஒடனே பால் ரோஸ்மில்க் மாதிரி ஆயிடறது. நாக்கெல்லாம் செவந்துடறது. எனக்கு பயமா இருக்கு. மாமியார்கிட்ட எப்படிச் சொல்றது?"

வயிற்றுக்குள் போவது என்ன சாயமோ என்று எனக்கும் பயம்தான். போலி என்று வெறும் வாயால் சொன்னால் மாமி ஒப்புக்கொள்ள மாட்டார். அசலை வாங்கிப் பக்கத்தில் வைத்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

காலை 10.10க்கு கோபாலபுரத்தில் ஆட்டோ. தி. நகர் 4 கி.மீ., 90 ரூபாய். கைப்பையில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர். சிரிக்காதீர்கள், அன்றைக்கு அதுதான் ஆயுதம். முதல் கடையில் கிராம் 180 ரூபாய், "அசல் காஷ்மீர்". இரண்டு இழை கேட்டு வாங்கித் தண்ணீரில் போட்டேன்.

"இன்னா மேடம், கடைலயே லேப் வச்சிக்கினு கீறீங்க?" என்றார் கடைக்காரர்.

நான் பதில் யோசிப்பதற்குள் தண்ணீர் சிவந்து, இழை வெளுத்துப்போனது. அடுத்த கடையில் 320 ரூபாய். டம்ளரைப் பார்த்ததும் டப்பாவை மூடிவிட்டார்கள். அதுவும் ஒரு பதில்தானே.

11.40க்கு மயிலாப்பூர் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத சாதா பஸ், உட்கார இடமும் கிடைத்தது. மாட வீதியை ஒட்டிய சந்தில் ஒரு நாட்டு மருந்துக் கடை. கிராம் 480. கடைக்காரர் திருநெல்வேலிக்காரர், டம்ளரைப் பார்த்துக் கோபப்படாத முதல் ஆள்.

"ஒரு முனை விரிஞ்சிருக்கணும்மா, அடியில லேசா மஞ்சள் இருந்தாலும் தப்பில்ல. நாக்குல வச்சுப் பாருங்க. இனிச்சா சீனிப்பாகு தடவியிருக்கான். தேன் மாதிரி வாசனை, ஆனா ருசி கசக்கணும்" என்றார்.

கசந்தது. ஈர விரலில் தேய்த்தால் மஞ்சள் ஒட்டியது. டம்ளரில் முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. கால் மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர் பொன்னிறமானது. இழை மட்டும் சிவப்பாகவே இருந்தது. ஒரு கிராம் வாங்கினேன். பொட்டலம் கட்டும்போது, "கொழந்த வெள்ளையாப் பொறக்குமான்னு மட்டும் கேக்காதீங்கம்மா, அத நான் விக்கல" என்றார்.

12.50க்கு அடையாறு ஆட்டோ, 5 கி.மீ., 130 ரூபாய். ஓட்டுநரிடம் விஷயத்தைச் சொன்னேன். "என் சம்சாரமும் குட்சுதுக்கா. புள்ள என் கலர்லதான் கீது. நல்லதாப் போச்சு, யாரும் சந்தேகப்பட முடியாது பாரு!" என்றார். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன்.

மாமியின் சமையலறையில் இரண்டு டம்ளர் சூடான பால், பக்கத்தில் சுதா. மாமியின் டப்பா வாசலுக்கு வந்த வியாபாரியிடம் வாங்கியது, ஐந்து கிராம் 600 ரூபாய். போட்டதுமே பால் சிவந்தது. என்னுடையது வெள்ளையாகவே நின்றது.

"பாரேன், கலரே எறங்கலை. நன்னா ஏமாந்துட்டு வந்திருக்கே" என்றார் மாமி, என்மேல் நிஜமாகவே பரிதாபப்பட்டு.

"கால் மணி பொறுங்கோ மாமி."

பொறுத்தார். என் பால் மெல்லப் பொன்னிறமாகி, சமையலறையே மணத்தது. மாமி தன் டம்ளரிலிருந்து ஓர் இழையைக் கரண்டியால் எடுத்தார். வெறும் வெள்ளை நார்.

"என் கையால இதையா குடுத்திண்டிருந்தேன்?" என்றார். பிறகு சுதாவைப் பார்க்காமலே சொன்னார்: "இந்த ஆத்துக்குள்ள நான் கால் வெச்ச அன்னிக்கே, பொண்ணு கறுப்புன்னு என் காது படப் பேசினா. கொழந்தைக்கு அது வேண்டாம்னுதான்..."

திட்டிவிடும் எண்ணத்தோடுதான் போயிருந்தேன். மாமியின் டம்ளரை எடுத்துத் தொட்டியில் கொட்டினேன்.

மறுநாள் டப்பாவோடு டாக்டரிடம் போனோம். உடனே நிறுத்தச் சொன்னார். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். அதன் பிறகுதான் மாமி நாற்காலியில் உட்கார்ந்தார்.

நீங்கள் கிளம்புவதானால்: அன்றைய மொத்தச் செலவு 700 ரூபாய். ஒரு கிராமுக்கு மேல் வாங்காதீர்கள், வீட்டுக்கு அதுவே அதிகம். தூளாக வாங்கவே வேண்டாம். டம்ளர் கொண்டு போக வெட்கப்படாதீர்கள். கர்ப்பிணிக்கு என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். நிறத்துக்காக வாங்காதீர்கள், வாசனைக்காக வாங்குங்கள்.

வளைகாப்பன்று பாதிப் பூ பாயசத்துக்குப் போனது. மீதியை மாமி காகிதத்தில் மடித்து அலமாரியில் பத்திரப்படுத்தினார். எதற்கு என்று கேட்டேன்.

"கொழந்தையைப் பாக்க வர்றவாளுக்குப் பால்ல போட்டுக் குடுக்கணும். அது எந்தக் கலர்ல பொறந்தாலும்."