நான் ஊற்றிய சுடுதண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தேன். பகை ஒன்றுமில்லை... உதவி செய்யப் போனேன், அவ்வளவுதான்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார்; மாப்பிள்ளை எங்கள் பக்கத்து வீட்டு ரவி. வயது முப்பத்தெட்டு. 'கூரை ஒழுகுற லயத்துக்குப் பொண்ணு தர மாட்டோம்' என்று, தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டைக் காட்டி, நான்கு இடங்களில் சொல்லிவிட்டார்கள். இது ஐந்தாவது. பதுளைக் கோயிலில் எட்டரைக்குள் தாலி கட்டியாக வேண்டும்.

காலை ஆறு மணி. நமுனுகுல மலைக் குளிர். கோயிலுக்குப் போக வந்திருந்த வேனின் டிரைவர் நிஜாம் நானா (முஸ்லிம் அண்ணன்மார் எங்களுக்கு நானாதான்) முகம் கழுவப் போயிருந்தார். பாவம், எஞ்சினுக்கும் குளிருமே என்று எனக்கு ஒரு கருணை பிறந்தது. முன் சீட்டைத் தூக்கி, எஞ்சின் தலையில் இரண்டு கேத்தல் சுடுதண்ணீரை ஊற்றினேன்.

நானா வந்து சாவியைத் திருப்பினார். டாஷ்போர்டில் சுருள் விளக்கு மின்னி, உடனே அணைந்தது. வேன் இருமியது. மறுபடியும் இருமியது. அப்புறம் அதுவும் இல்லை.

"லைட்டு பட்டுனு அணையுதே... யாரு இதுல சுடுதண்ணி ஊத்துனது?"

எல்லோரும் என் கையிலிருந்த கேத்தலைப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். பெட்ரோல் எஞ்சின் மாதிரி டீசலுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்துகிற சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். குளிரில் அந்தச் சூடு போதாது. அதனால் சிலிண்டருக்கு ஒரு ஹீட்டர் பிளக். அதை எத்தனை விநாடி சூடாக்குவது என்று முடிவு செய்ய ஒரு கண்ட்ரோல் பெட்டி. வேலை முடிந்ததும் விளக்கு அணையும், பிறகுதான் ஸ்டார்ட். சரி, குளிர் எவ்வளவு என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? எஞ்சின் தலையை ஒட்டிய தண்ணீர்க் குழாயில் ஒரு சென்சர் இருக்கிறது — அது சொல்வதுதான் வேதம்.

"மேல சென்சரு வெந்து கெடக்கு சேர். உள்ள சிலிண்டர் ஐஸா இருக்கு. பொட்டி சென்சரத்தானே கேக்கும்? குளிரே இல்லன்னு சூடாக்காம விட்டுருச்சு" என்றார் நானா.

பட்டு வேட்டியோடு ரவி இறங்கி வந்தார். கோபப்படவில்லை. "அஞ்சாவது எடமுங்க சேர்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

நானா சென்சரின் வயரைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது... எரிந்துகொண்டே இருந்தது.

"ஒருத்தரும் ரிப்போர்ட் குடுக்கலேன்னா, ஆகக் கடுங்குளிருன்னு நெனச்சு முழுசா சூடாக்கும்."

விளக்கு அணைந்தது. வேன் கரும்புகை கக்கிக்கொண்டு பிடித்தது. எட்டு இருபதுக்குத் தாலி ஏறியது.

கெட்டிமேளத்துக்கு நடுவே எனக்கு ஒரு யோசனை. ரவி வீட்டு அதே ஒழுகும் கூரை, தோட்ட ஆபீஸ் ஃபைலில் 'நல்ல நிலையில்' இருக்கிறது. கூரையைப் பார்க்க வந்த அதிகாரி கங்காணி வீட்டில் உட்கார்ந்து, சுடச்சுடத் தேத்தண்ணீர் குடித்துவிட்டு எழுதியது. கங்காணி வீட்டுக் கூரை ஒழுகாது.

அந்த அதிகாரிக்கு எந்த வயரைக் கழற்றுவது என்று நிஜாம் நானாவிடம் கேட்டிருக்கிறேன்.