சூளைக்குப் பாஸ்மா

லகூனா ஏரிக்கரை ஊர்களில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ரெமியைத் தெரியும். விடிகிற நேரத்தில் அடுப்பு சூடேறாமல் படுத்துக்கொண்டால் முதலில் மின்சாரக் கம்பெனியைத் திட்டுவார்கள், அடுத்து ரெமியைக் கூப்பிடுவார்கள். தைவானில் ஒரு தொழிற்சாலையில் உலைகளின் வெப்பக் கருவிகளைப் பழுதுபார்த்துவிட்டு, ஐம்பதை நெருங்கும்போது ஊர் திரும்பியவள் அவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏனென்று கேட்டால், "அடுப்பு கெட்டா எங்க கெட்டதுன்னு அளந்து பார்த்துடலாம். ஆம்பளைய எங்கன்னு அளக்கறது?" என்பாள். தனக்கென்று ஒரு பழைய மோட்டார் சைக்கிள், ஏரியைப் பார்த்த ஒரு அறை, சர்க்கரை தூக்கலான காப்பி. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அப்படிப்பட்டவளைத்தான் நீவெஸின் சூளை ஒரு வாரமாகத் தூங்கவிடவில்லை.

சலவை இயந்திரம் அளவேயான மின்சூளை அது. நீவெஸ் அதில் கண்ணாடித் தகடுகளை அடுக்கி உருக்கி ஒட்டவைத்து, தட்டும் கிண்ணமும் செய்து விற்பவள். தேவாலய வாசலில் புனித நீர் வைக்கும் கிண்ணம் புயலில் உடைந்துபோக, புதியது செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை திருவிழா. கிண்ணம் உட்கார வேண்டிய இரும்பு வளையம் வாசலில் காலியாக இருந்தது.

முதல் கிண்ணம் அச்சுக்குள் குழைந்து அடை மாதிரி ஆகிவிட்டது. ரெமி வந்து பார்த்து, மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலேயை மாற்றினாள். இரண்டாவதும் அப்படியே போனது. மறுபடியும் வந்து, சூளைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வெப்பம் உணரும் கம்பியையே புதிதாகப் போட்டாள். இரண்டு முறையும் தன் சொந்த மீட்டரின் கம்பியைப் பக்கத்துத் துளை வழியாக உள்ளே விட்டு ஒப்பிட்டுப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியும் மீட்டரும் கிட்டத்தட்ட ஒன்றைத்தான் காட்டின. அவள் கிளம்பிப் போன பிறகு வைத்த கிண்ணம்தான் வீணானது.

நீவெஸ் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் ரெமிக்குத் தாங்கவில்லை. நீலக் கண்ணாடி வெளிநாட்டிலிருந்து வந்தது. இன்னும் ஒரே ஒரு கிண்ணத்துக்குத்தான் மீதி இருந்தது. சந்தையில் மீன்காரி வேறு, "ஏன் ரெமி, ரொட்டி உனக்கு அடங்குது, கண்ணாடி அடங்கலியாமே?" என்று கேட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மூன்றாவது தடவையாக வந்த ரெமி, கருவிப் பையைத் திறக்கவே இல்லை.

"இன்னிக்கு நான் எதையும் தொடப்போறதில்ல. நீலத்த எடுத்து அலமாரியில பத்திரமா வை. பீர் பாட்டில் கண்ணாடியப் போட்டு, நான் இல்லாதப்ப எப்படிச் செய்வியோ அப்படியே செய். நான் சும்மா உட்கார்ந்து பார்க்கறேன்."

மீட்டர் கம்பியை மட்டும் துளைக்குள் விட்டுவிட்டு, அறையின் மறுகோடியில் இருந்த மேசையருகே போய் உட்கார்ந்தாள். நீவெஸின் கணவன் தாசியோ, மோட்டார் வைத்த மூன்றுசக்கர டிரைசைக்கிள் ஓட்டுகிறவன், வெல்லப்பாகில் பொரித்த வாழைப்பழத்தைத் தட்டோடு கொண்டுவந்து வைத்தான். அந்தப் பக்கத்தில் மூத்தவளை, அக்கா என்பதுபோல, 'ஆத்தே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஆத்தே, சாப்பிடுங்க. சம்பளம் வாங்கிட்டு சும்மா உட்கார்ற வேலை எங்க கிடைக்குதுன்னு எனக்கும் சொல்லுங்க."

"உன் வண்டியில பின்னால உட்கார்ந்தா கிடைக்கும். நிக்கிற நேரந்தானே ஜாஸ்தி."

நீவெஸ் சிரித்துக்கொண்டே மின்விசிறியைத் தூக்கிவந்து ரெமியின் பக்கம் திருப்பி வைத்தாள். பேச்சு திருவிழாவுக்குப் போனது, யார் வீட்டில் முழுப் பன்றியை நெருப்பில் வாட்டுகிறார்கள் என்பதற்குப் போனது. சூளை மெல்ல முனகிக்கொண்டு சூடேறியது. கொஞ்ச நேரம் கழித்து ரெமி மீட்டரைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பெட்டியைப் பார்த்தாள். வாயில் இருந்த பழத்தை மென்று விழுங்க மறந்துபோனாள். பெட்டி காட்டியதைவிட மீட்டர் நாற்பது டிகிரி அதிகம் காட்டியது.

"நீவெஸ், போன தடவை நான் வந்தப்ப இந்த ஃபேன் எங்க இருந்தது?"

"உங்க பக்கத்துலதான். நீங்க சூளைகிட்ட குந்திக்கிட்டு இருந்தீங்க. வேர்த்துக் கொட்டுச்சே."

"நான் போனப்புறம்?"

"அப்பாலே தள்ளி வெச்சுட்டேன். சூடா இருக்கிறது மேல காத்துப் பட்டா பாஸ்மா நோவு பிடிக்காதா? இஸ்திரி போட்ட கையைத் தண்ணியில நனைச்சா கை நடுங்குதே, அந்த மாதிரி. சூளைக்கு மட்டும் ஆகாதா என்ன?"

"அப்ப நான் இருந்தப்ப ஏன் விட்ட?"

நீவெஸுக்கு முகம் சிவந்தது. "விருந்தாளி வேர்க்க உட்காரலாமா ஆத்தே? சூளை கொஞ்சம் பொறுத்துக்கும்னு நெனச்சேன்."

ரெமி எழுந்து மின்விசிறியைத் தூக்கிப்போய்ச் சூளையின் பின்பக்கம் பார்த்து வைத்தாள். நீவெஸ் கையைப் பிசைந்தாள். பழத்தட்டு காலியாவதற்குள் வித்தியாசம் நாற்பதிலிருந்து பத்துக்கு இறங்கியது. மறுபடியும் தள்ளி வைத்தாள், ஏறியது. சூளையின் பின்னால் உணர்கம்பி வெளியே வருகிற இடத்தில், அங்கிருந்து சுவர்ப் பெட்டிக்குப் போகிற பிளாஸ்டிக் குழாயைக் கழற்றினாள். உள்ளே, குழாய் வாயருகிலேயே கம்பியில் ஓர் ஒட்டு. நாடாவை அழகாகச் சுற்றியிருந்தது. அதற்கப்பால் சாதாரணச் செம்புக் கம்பி.

"இது யாரு வேலை?"

தாசியோ தலையைச் சொறிந்தான். "பெட்டி சூளை மேலேயே இருந்தது ஆத்தே. சூட்டுல கெட்டுப்போயிடும்னு மழைக்காலத்துக்கு முன்னாடி நான்தான் சுவத்துக்கு மாத்தினேன். கம்பி எட்டல. காலிங்பெல் கம்பி கொஞ்சம் கிடந்தது."

"என்கிட்ட சொல்லலியே."

"நீங்க கேக்கலியே. அதுவும் கம்பி, இதுவும் கம்பிதானே?"

"இல்லப்பா. இது கரண்ட்டு கொண்டுபோற கம்பி இல்ல, சேதி கொண்டுபோற கம்பி. பெட்டி வரைக்கும் ஒரே ஜோடி உலோகமா போகணும். நடுவுல செம்பு வந்தா, இந்த ஒட்டு எவ்வளவு சூடா இருக்கோ அவ்வளவும் வழியிலேயே தொலைஞ்சுடும். பெட்டி, இன்னும் சூடு பத்தலைன்னு நெனச்சு எரிச்சுக்கிட்டே இருக்கும். ஃபேன் அடிச்சா ஒட்டு குளிரும், கணக்கு சரியாயிடும். நான் வந்தா ஃபேனும் வந்துடுது. அதனாலதான் நான் இருக்கிறப்ப மட்டும் உன் சூளை நல்ல பிள்ளையா இருந்திருக்கு."

தாசியோ யோசித்தான். "அப்ப உங்கள இங்கேயே கட்டிப்போட்டிருந்தா கிண்ணம் வந்திருக்கும்."

நீவெஸ் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

சூளை ஆறியதும் வேலை தொடங்கியது. ரொட்டி அடுப்புகளுக்கென்று ரெமி வைத்திருந்த சரியான கம்பி பையிலேயே இருந்தது. நீளமும் போதுமானதாக இருந்தது. உதவிக்கு வந்த தாசியோ சிவப்பு முனையைக் கூட்டல் குறிக்குக் கொண்டுபோக, அவன் விரலை ரெமி ஸ்குரூடிரைவரால் தட்டினாள். "இதுல மஞ்சள்தான் கூட்டல். உன் வண்டி பேட்டரின்னு நெனச்சியா?" திரும்பவும் பாட்டில் கண்ணாடியை வைத்துச் சூடேற்றினார்கள். மின்விசிறி ரெமியைப் பார்த்தே நின்றது. மீட்டரும் பெட்டியும் கடைசிவரை ஒட்டிக்கொண்டே ஏறின.

சனிக்கிழமை நீவெஸ் முதலில் தகடுகளை உருக்கி ஒட்டினாள். அது ஆறிய பிறகு, இரவில், அந்த ஒற்றை நீல வட்டை அச்சின்மேல் வைத்தாள். மூடியை இறக்குமுன் ஒரு தடவை திரும்பி ரெமியைப் பார்த்தாள். நம்பு என்று சொல்ல ரெமிக்கு வாய் வரவில்லை. இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது.

ஞாயிறு காலை, பூசைக்கு உடுத்திய நல்ல உடையோடு மூவரும் சூளையைச் சுற்றி நின்றார்கள். நீவெஸ் சிலுவை போட்டுக்கொண்டு மூடியைத் தூக்கினாள். கிண்ணம் அச்சுக்குள் சாதுவாக உட்கார்ந்திருந்தது. விளிம்பு வட்டமாக இருந்தது. ஓரத்தில் ஓர் இடத்தில் மிளகளவு காற்றுக்குமிழி. நீவெஸ் அதைத் தடவிப் பார்த்து, "இருக்கட்டும்" என்றாள்.

துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் டிரைசைக்கிளில் ஏறினாள். தாசியோ ஓட்டிய வேகத்தில், நடந்துபோன கன்னிகாஸ்திரீகள் அவர்களை முந்திச் சென்றார்கள். பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் ரெமி ஊர்ந்துகொண்டு வந்தாள்.

தேவாலய வாசலில் நீவெஸ் கிண்ணத்தை இரும்பு வளையத்துக்குள் இறக்கினாள். அது ஒரு சின்ன ஓசையோடு உட்கார்ந்தது. அவள் கையை எடுத்தாள்; கிண்ணம் ஆடவில்லை. கோயில்பிள்ளை செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, வெயில் பட்டுச் சுவரில் நீலம் அசைந்தது.

ரெமியின் கைபேசி அடித்தது. ஏதோ ரொட்டிக்கடை. அதை அடிக்கவிட்டுவிட்டு, பின்னால் விரல் நனைக்க வரிசை சேர்ந்துவிட்டதைக்கூடப் பார்க்காமல், அவள் கிண்ணத்தின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.