தங்கச்சாமி மச்சானின் வண்டிக் கொட்டகை

“இன்னும் என்ன செஞ்சா உங்க அக்கா வருவா, பாண்டி?”

மச்சான் இப்படிக் கேட்டபோது நான் காரைக்குடியில் அவருடைய கடைசல் பட்டறை வாசலில், கையில் டைப்ரைட்டிங் நோட்டோடு நின்றுகொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நழுவிவிட்டேன்.

அது 1996ஆம் வருடம். நான் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, மேலே படிக்க வழியும் இல்லாமல், இளைய மகளாக வீட்டில் சும்மா இருக்க மனமும் இல்லாமல், வாரத்தில் மூன்று நாள் இளையாத்தங்குடியிலிருந்து பஸ் ஏறி டைப் பழகப் போய்வந்தேன். அக்கா நாகவல்லி தன் ஏழு மாதக் குழந்தை சின்னத்தாயியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சண்டை போட்டுக்கொண்டு வந்தாள் என்று தெருவில் பேசினார்கள். உண்மையில் சத்தமாக ஒரு வார்த்தைகூட அவர்களுக்குள் விழவில்லை. நடந்தது என்ன என்று சொல்வதற்கு முன் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தங்கச்சாமி மச்சானுக்குச் சொந்த ஊர் கொத்தமங்கலம். அவர்களுக்கு இருந்தது வானம் பார்த்த நிலம். விவசாயம் பிடிக்காமல் பதினெட்டு வயதில் மெட்ராஸுக்குப் போய், ஃபைபர் கம்பெனி ஒன்றில் நான்கு வருடம் வேலை பார்த்தார். தண்ணீர்த் தொட்டி, ஸ்கூட்டர் பெட்டி எல்லாம் செய்கிற இடம் அது. தேன் மாதிரி இருக்கிற ரெசினில் ஹார்டனர் என்ற மருந்தைக் கலந்தால் அது கல்லாக இறுகிவிடும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டார். ஊர் திரும்பியதும் காரைக்குடியில் ஒரு லேத் போட்டு மரம் கடைய ஆரம்பித்தார்.

எங்கள் பக்கத்தில் பழைய வீடுகளை இடிக்கும்போது பர்மா தேக்கு வரும். நல்ல துண்டுகளை வியாபாரிகள் கொண்டுபோய்விடுவார்கள். ஆணி ஓட்டையும் வெடிப்பும் விழுந்த துண்டுகள்தான் விறகுக்கு மிஞ்சும். மச்சான் அந்தத் துண்டுகளை வாங்கினார். வெடிப்புகளில் பச்சையும் நீலமுமாகச் சாயம் கலந்த ரெசினை ஊற்றி, இறுகிய பிறகு லேத்தில் ஏற்றிக் கடைந்தார். கதவுக் குமிழ், பேனா தாங்கி, விளக்குத் தண்டு என்று அதிலிருந்து வந்தன. வெளிச்சத்தில் பிடித்தால் மரத்துக்கு நடுவில் செட்டியார் வீட்டு ஜன்னலின் வண்ணக் கண்ணாடி பதித்தாற்போல இருக்கும். மதுரையில் ஒரு கடைக்காரர் எவ்வளவு வந்தாலும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

முதலில் வார்த்த கட்டைகள் அவரை ஏமாற்றின. அவை நூறு வருடமாக வருஷம் தவறாமல் எண்ணெய் தேய்த்துத் துடைத்த தூண்கள். எண்ணெய் உள்ளே ஊறிப்போன மரத்தில் ரெசின் ஒட்டவில்லை. லேத் சுற்றும்போது ஒரு பச்சைத் துண்டு கழன்று பறந்து அவர் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. அதற்குப் பிறகு மேல்பகுதியைச் செதுக்கி, தின்னர் போட்டுத் துடைத்து, நன்றாகக் காயவைத்த மரத்தில் மட்டும் ஊற்றினார். முகத்துக்குக் கண்ணாடி மறைப்பும் போட்டுக்கொண்டார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. வீட்டில் இருப்பவர்களைப் பற்றித்தான் அவர் யோசிக்கவில்லை.

ரெசின் ஊற்றுகிற வேலையைப் பட்டறையில் செய்ய முடியவில்லை. மரத்தூள் பறந்து ஈர ரெசினில் ஒட்டிவிடும். அதனால் பட்டறைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுச் சமையலறையில், ஜன்னலையும் கதவையும் சாத்திக்கொண்டு ஊற்றினார். அந்த வாடையில் அக்காவுக்குத் தலை சுற்றும். ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு சோறு வடிப்பாள். நெடி கொஞ்ச நேரத்தில் போய்விடும் என்று மச்சான் சொல்வார்.

ஹார்டனரைச் சொட்டுக் கணக்காக விட வேண்டும். கூடினால் சூடேறிவிடும், குறைந்தால் இறுகாது. சொட்டுச் சொட்டாக ஊற்ற வசதியான பாத்திரம் தேடினவர் கண்ணில் குழந்தையின் பாலாடை பட்டது. மூக்கு வைத்த சின்ன எவர்சில்வர் கிண்ணம், பச்சைப்பிள்ளைக்குப் பால் புகட்டுவது. அந்த மருந்து உலோகத்தில் படவே கூடாது, கண்ணில் பட்டால் பார்வை போகும், வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்று டப்பாவில் எழுதியிருந்ததாம். அவர் பாலாடையில் அளந்து ஊற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, எடுத்த இடத்தில் வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா பாலாடையில் பால் ஊற்றிப் பிள்ளை வாய்க்குக் கொண்டுபோனாள். எதற்கோ ஒருமுறை முகர்ந்து பார்த்தாள். ஹார்டனர் வாடை. பாலைக் கீழே கொட்டிவிட்டு அவரிடம் போய்க் கேட்டாள். அவர் மறைக்கவில்லை.

“நல்லாக் கழுவித்தான வச்சேன்” என்றாராம்.

“ஓஹோ. கழுவுனீகளா” என்று மட்டும் சொல்லிவிட்டு, நான்கு துணிகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் எங்கள் ஊருக்கு வந்துவிட்டாள்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மச்சான் வருவார். அப்பா தண்டாயுதபாணி மாப்பிள்ளைக்குரிய மரியாதையில் ஒன்றும் குறை வைக்கவில்லை. நாற்காலி போடுவார், மழையைப் பற்றிப் பேசுவார், பிறகு காரணம் எதுவும் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விடுவார். அக்கா பிள்ளையைக் கொண்டுவந்து அவர் மடியில் விட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். அவர் பிள்ளையின் உள்ளங்காலைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். கடைசி பஸ்ஸுக்குப் போகும்போது தெருமுனை வரை நான்கு தடவை திரும்பிப் பார்ப்பார். ஜன்னலுக்குப் பின்னால் அக்கா நிற்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அக்கா என்னிடம், டைப் கிளாஸ் முடிந்ததும் அப்படியே எட்டிப் பார்த்துவிட்டு வரச் சொல்வாள். வந்ததும் கேள்விகள் ஆரம்பிக்கும். இப்போது எங்கே வைத்து ஊற்றுகிறார், கதவு எந்தப் பக்கம் இருக்கிறது, காற்று எங்கே போகிறது, மருந்து பாட்டில்கள் எங்கே இருக்கின்றன. சாப்பிட்டாரா என்று மட்டும் அவள் கேட்கவே மாட்டாள். நானாகச் சொன்னால், வேலை செய்துகொண்டே காது கொடுப்பாள்.

மச்சான் முதலில் சமையலறையில் ஒரு அலமாரி வாங்கிப் பூட்டுப் போட்டார். அக்கா அசையவில்லை. பிறகு வேலையைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றித் தகரம் போட்டார். நான் பதில் சொல்லாமல் நழுவிய அந்த நாளில் அவர் காட்டியது அந்தத் தகரத்தைத்தான்.

ஐப்பசியில் ஒரு நாள் நான் போனபோது, எட்டுக் குமிழுக்கான மரத்தை ஒரே பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கியிருந்தார். வானம் மூடியிருந்தது. குளிருக்கு இறுகாது என்று ஹார்டனரைக் கூட்டி விட்டு, இரண்டு மூன்று தடவையாக ஊற்ற வேண்டியதை ஒரேயடியாக விளிம்பு வரை ஊற்றினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பெட்டியிலிருந்து புகை வந்தது. சடசடவென்று வெடிப்பு விழுந்தது, பெட்டி உருகி வளைந்தது. மச்சான் என்னைத் தெருவுக்கு ஓடச் சொல்லிவிட்டு, ஒரு கம்பியால் பெட்டியை இழுத்து மணலில் தள்ளினார். கையுறையை மீறி ஒரு விரலில் சூடு பட்டுவிட்டது. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கத்தில்தான் அடுத்த வீட்டு அக்கம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாம் அடங்கிய பிறகு மச்சான் தெருவுக்கு வந்து என் பக்கத்தில் நின்றார்.

“அக்காகிட்ட இதச் சொல்லிறாத, ஆத்தா. இந்தத் தை மாசமாச்சும் வந்திருவான்னு இருக்கேன்.”

பஸ்ஸில் வழியெல்லாம் எனக்கு அதே யோசனை. சொல்லாவிட்டால் அக்கா வந்துவிடலாம். வந்த பிறகு இன்னொரு பெட்டி புகைந்தால், அங்கே தவழ்கிற பிள்ளை இருக்கும். வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா முழுக்கக் கேட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“எந்தக் கையி?”

இடது கை என்றேன். தூங்குவதற்குள் இன்னும் இரண்டு தடவை, நிஜமாகவே விரல் மட்டும்தானா என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை மடியில் விடும்போது அவள் பார்வை அந்த விரலில் நின்றது. நான் சொல்லிவிட்டேன் என்று மச்சானுக்குப் புரிந்துவிட்டது. போகும்போது வாசலில் என்னிடம் கேட்டார்.

“நீ டைப் அடிக்க வாரியா, வேவு பாக்க வாரியா?”

“ரெண்டுக்கும் ஒரே பஸ்ஸுதான், மச்சான்.”

அவர் சிரிக்க முயன்றார். கண் கலங்கிவிட்டது. நான் சொன்னது நல்லதுதான் என்றும், அன்று சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அக்கம்மாளுக்கு ஒன்றும் ஆகாததே அதிர்ஷ்டம் என்றும், இந்தப் பக்கம் அக்காவும் பிள்ளையும் இருந்திருந்தால் என்று நினைக்கும்போது தூக்கம் வரவில்லை என்றும் சொன்னார்.

அந்த வாரமே அவர் வீட்டில் ரெசின் வேலையை நிறுத்தினார். ஊருக்கு வெளியே, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு பொட்டலில் பழைய வண்டிக் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. உரிமையாளரிடம் கேட்டு, இரண்டு பக்க மண்சுவரை இடித்துக் காற்றுக்கு வழி செய்தார். ஹார்டனருக்கு ஒரு மூலை. ரெசின் சீக்கிரம் இறுக அதில் கலக்கும் கோபால்ட் என்கிற ஊதா மருந்துக்கு எதிர் மூலை. இரண்டும் நேராகச் சேர்ந்தால் தீப்பிடித்து வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் ஹார்டனர் பாட்டிலைத் திறப்பார். அளக்க பிளாஸ்டிக் குப்பிகள், அவற்றில் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி. கண்ணுக்கு மூடிய கண்ணாடி, பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர், ஒரு வாளி மணல். காற்று எப்போதும் முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி நிற்பார். மெல்லிசாக ஊற்றி, அது சூடாகி ஆறிய பிறகே அடுத்த தடவை. தூசி விழாமல் இருக்க வேட்டித் துணி கட்டிய சட்டத்தால் மூடுவார். ஒரு வாரம் கழித்துத்தான் லேத்துக்குக் கொண்டுபோவார். மாதத்துக்கு அறுபது குமிழ் கடைந்தவர் இருபதுதான் கடைந்தார்.

எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். மறுபடி என்னை அனுப்பாமல், கார்த்திகை மாதம் ஒரு புதன்கிழமை பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு அவளே என்னோடு பஸ் ஏறினாள்.

நாங்கள் போனபோது மச்சான் ஊற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கை ஒரு கணம் நின்றது. ஆனாலும் பாதியில் விட்டு ஓடி வரவில்லை. ஊற்றி முடித்து, சட்டத்தை மூடி, பாட்டிலைப் பூட்டிவிட்டுத்தான் வந்தார். அதைத்தான் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். கொட்டகையைச் சுற்றி வந்தாள். குப்பிகளைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். பிறகு அவர் கட்டியிருந்த கைலியைப் பார்த்தாள். அதில் பச்சைத் திட்டுகள் இருந்தன.

“இந்தக் கைலியோடதான் வீட்டுக்கு வாரீகளா?”

மச்சான் குனிந்து பார்த்துக்கொண்டார்.

“இதோடதான் பிள்ளையத் தூக்குவீகளோ?”

“நீ சொல்லு. எப்படி வரணும்?”

“இந்தத் துணி இங்குட்டே கெடக்கட்டும். கெணத்துல குளிச்சு, வேற உடுத்தித்தான் அங்குட்டு வரணும். அதுவரைக்கும் பிள்ள கூப்பிட்டாலும் தொடக் கூடாது. ஒரு நாளு தப்புனாலும் நான் பஸ் ஏறிருவேன்.”

அவர் தலையை ஆட்டினார். அக்கா அவருடைய இடது கையைப் பிடித்து, விரலில் இருந்த தழும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் பொட்டல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தை பிறந்ததும் அக்கா காரைக்குடிக்குப் போனாள். மச்சான் கைலியைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு வேறொன்றைக் கட்டிக்கொண்டு வருவார். ஆனால் கிணறு இருப்பது வீட்டுக்கு முன்னால். கொட்டகையிலிருந்து வருகிறவர் வாசலைத் தாண்டித்தான் கிணற்றுக்குப் போக வேண்டும். சின்னத்தாயி அப்போது நடக்கப் பழகியிருந்தாள். அவர் வருகிற நேரம் தெரிந்து வாசலில் நிற்பாள். பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தத்தித் தத்தி ஓடி வருவாள். மச்சான் கையை மேலே தூக்கிக்கொண்டு, “வராத, ஆத்தா, வராத” என்று சொல்லியபடி பின்பக்கமாகவே நடப்பார். பிள்ளை அழும். அக்கா வந்து தூக்கிக்கொள்வாள். அவர் குளித்து முடிக்கிற அந்தப் பத்து நிமிடமும் பிள்ளை அழுவது கிணற்றடிக்குக் கேட்கும். டைப் கிளாஸ் முடிந்து நான் அங்கே போகிற நாட்களில், வாளி இறங்கி ஏறுகிற வேகத்தை வைத்தே அவர் மனம் படுகிற பாடு எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நாள்கூட அவர் விதியை மீறவில்லை. மாதக்கணக்கில் பிள்ளைக்காக ஏங்கியவர், அதன் பிறகு தினமும் பத்து நிமிடம் அந்த ஏக்கத்தைத் தானாகவே ஏற்றுக்கொண்டார்.

இதை எழுத மச்சான் சம்மதித்தார். பாலாடை விஷயத்தையும் எழுதட்டுமா என்று கேட்டேன். அதை எழுதாவிட்டால் மற்றது எதற்கு என்றார். உங்களுக்குத் தெரிந்த யாராவது வீட்டுக்குள் ரெசின் கலக்குகிறார்கள் என்றால், பொத்தான் செய்கிறவரோ, பேப்பர் வெயிட் வார்க்கிறவரோ, யாராக இருந்தாலும் இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள். அவர்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், நாளை என்று தள்ளிப்போடாமல் இன்றைக்கே சொல்லுங்கள்.