சத்தம் போடாத சிவப்புப் பெட்டி

கிண்ணியாவில் கடற்கரையை நோக்கிப் போகும் ஓர் ஒழுங்கையில், நஜ்முன் நிஸாவின் வாசல் நிலைக்கு மேலே ஒரு சிவப்புப் பெட்டி இருக்கிறது. பேக்கரியில் வாங்கும் ஒரு றாத்தல் பாண் அளவு. அதன் மூலையில் இரவும் பகலும் ஒரு வெளிச்சம் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பெட்டியைப் பற்றி ஊரில் பல கதை. கள்ளனைப் படம் பிடித்து நேரே பொலிசுக்கு அனுப்பும் என்பார்கள். மூன்று பாஷையிலும் ஏசும் என்பார்கள். ஒருமுறை அது கத்தியதில் தம்பலகாமத்து வயலில் மேய்ந்த யானைகள் காடேறிவிட்டதாக மீன் வண்டிக்காரர் சத்தியம் பண்ணுவார். இதில் யானைக் கதையை வேண்டுமானால் நம்பலாம். மற்றதெல்லாம் ஒழுங்கைப் பெண்கள் வேண்டுமென்றே கட்டிவிட்டவை. ஏன் கட்டிவிட்டார்கள் என்றால், அதுதான் நஜ்முன் நிஸாவின் கதை.

நஜ்முன் நிஸா தையல்காரி. பக்கத்துத் தெருத் தையல் நிலையத்தில் பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்கிறாள். புருஷன் ஜமால்தீன், பாலம் வருமுன்னர் துறையில் ‘பாதை’ என்று ஊர் சொல்லும் மிதவையில் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்த்தவர். ஒரு மாட்டைத் தனியாளாகத் தூக்கிப் பாதையில் ஏற்றினார் என்று அவர் தோளைப் பற்றிச் சொல்வார்கள். மாடு கன்றாக இருந்திருக்கும், தூக்கியது மெய். கடல் ஊருக்குள் வந்த அன்று நஜ்முன் நிஸாவையும் மகள் பஸ்மியாவையும் அந்தத் தோளில் போட்டுக்கொண்டுதான் பள்ளிவாசல் மாடிக்கு ஓடினார். சின்ன மகனை அயல்வீட்டார் தூக்கி வருகிறார்கள் என்று நினைத்தார். அயல்வீட்டாரும் வரவில்லை, சின்னவனும் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் தோளைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கதைப்பதில்லை.

போன வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, சொல்லும் தொண்டையைத் தாண்டி வர மறுத்தது. காலையில் அவரைக் கழுவி, சோறு தீத்தி, கட்டிலில் சாய்த்துவிட்டு நஜ்முன் நிஸா தைக்கப் போவாள். அவள் திரும்பும்வரை அவர் தனி. ஆனால் முழுத் தனி என்றும் சொல்ல ஏலாது. அந்த ஒழுங்கையில் குசினிக் கதவைத் தட்டுகிற வழக்கமே இல்லை. யார் வீட்டில் எது ஆக்கினாலும் கட்டிலில் கிடக்கும் வருத்தக்காரருக்கு ஒரு கிண்ணம் ஒதுக்குவார்கள். பின்பக்கத்தால் வந்து, கதவைத் தள்ளி, கொடுத்துவிட்டுப் போவார்கள். பக்கத்து வீட்டு றஹ்மா, வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு, நாளும் தவறாமல் சூப் கொண்டு வருவாள்.

இந்த நிலையில்தான் அடுத்த ஒழுங்கைக்குக் கள்ளர் வந்தார்கள். அதுவும் பட்டப்பகலில். தனியே படுத்திருந்த ஒரு வயதாளியின் வாயில் தலையணையை அமுக்கிக்கொண்டு அலுமாரியை உடைத்தார்கள். ஆள் பிழைத்தது அல்லாஹ்வின் காவல். அன்றைக்கு நஜ்முன் நிஸாவுக்கு ஊசியில் நூல் கோர்க்கவே கை வரவில்லை.

“எங்கட வீட்ட வந்து என்னத்தைக் கொண்டுபோறது?” என்றாள், தோஹாவில் இருக்கும் பஸ்மியாவிடம் போனில்.

“அது கள்ளனுக்குத் தெரியுமா உம்மா? ஒண்டும் கிடைக்கல்லையெண்ட கோவத்தில வாப்பாவை என்ன செய்வான்?”

மகள் அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. அதை வாசல் நிலைக்கு மேலே பூட்ட வந்தவன் றிப்தி, கரண்ட் வேலை செய்கிற பொடியன். கடல் வந்த வருடத்தில் தொட்டிலில் கிடந்தவன்.

“மாமி, இதில சத்தம் முக்கியமில்ல, பெட்டிதான் முக்கியம். ரோட்டால போறவன்ட கண்ணில படவேணும். கண்டானெண்டா கள்ளன் அடுத்த வீட்டைப் பார்ப்பான்.”

“அடுத்த வீட்டாக்கள் என்னடா பாவம் செஞ்சாங்க?”

றிப்தி தலையைச் சொறிந்தான். “அவங்களும் ஒண்டு பூட்டட்டுமே.”

பெட்டியை மறைத்த முருங்கைக் கொப்பை நஜ்முன் நிஸாவே கத்தி எடுத்து வெட்டினாள். ரோட்டில் நின்று பார்த்தாள். ரோட்டின் இந்தக் கரையில் நின்று பார்த்தாலும் தெரிந்தது, அந்தக் கரையில் நின்று பார்த்தாலும் தெரிந்தது. கதவைத் திறந்தால் பெட்டி கத்தும்படி, முன்கதவுக்கு ஒன்று, குசினிக் கதவுக்கு ஒன்று என்று றிப்தி கம்பி இழுத்தான். எப்படிக் கத்தும் என்று அவள் கேட்கவில்லை. அவனும் கத்தவைத்துக் காட்டவில்லை.

மறுநாள் காலையில் பெட்டியைக் காவலுக்கு விடும் பொத்தானை அமத்திவிட்டு வேலைக்குப் போனாள். றஹ்மா சூப் கொண்டு வருவாள் என்பதை அவள் மறக்கவில்லை. ஆனால் குசினிக் கதவால் வருகிறவர்களை அவள் ஒருநாளும் வெளியாட்கள் என்று எண்ணியதில்லை. பெட்டிக்கு அவர்களைத் தெரியாது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

பகல் சமைத்து முடிகிற நேரம் அது கத்தியது.

முதலில் தாழக் கிளம்பி, மெல்ல மெல்ல ஏறி, உச்சியில் நின்று ஊளையிட்டது. எங்கோ ஒரு நாட்டில் அந்தப் பெட்டியைச் செய்தவர்களுக்கு, அது கள்ளனை விரட்டும் சத்தம். இந்தக் கரையில் அப்படிச் சத்தம் போடுவது ஒன்றே ஒன்றுதான்: கடற்கரையில் நிற்கும் சுனாமி எச்சரிக்கைக் கோபுரம். ஒழுங்கையில் எவரும் கள்ளன் என்று நினைக்கவில்லை. அடுப்பில் உலை கிடக்க, கதவெல்லாம் மலாரென்று திறந்து கிடக்க, பிள்ளைகளை அள்ளிக்கொண்டு சனம் பள்ளிவாசல் மாடியைப் பார்த்து ஓடியது. கள்ளன் ஒருவன் அன்று வந்திருந்தால், நின்று நிதானமாகச் சாப்பிட்டுவிட்டே எடுத்துப் போயிருக்கலாம்.

தையல் நிலையத்தில் நஜ்முன் நிஸாவோடு தைக்கிற, அதே ஒழுங்கைக்காரி நுஸ்ரத் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ராத்தா, இங்கால வாங்க! கடல்!”

“அவர் கட்டில்ல கிடக்கார்.”

“உங்களால தூக்க ஏலுமா? வாங்கெண்டு சொல்றேன்!”

தூக்க ஏலாது. அது நஜ்முன் நிஸாவுக்கும் தெரியும். கையை உதறிவிட்டுக் கடல் பக்கமாக ஓடினாள். எதிரே வந்த சனம் அவளை இடித்துக்கொண்டு போனது. எல்லாம் தெரிந்த முகங்கள், ஒருவரும் நிற்கவில்லை. அவரோடு கட்டிலில் ஏறிக் கையைப் பிடித்துக்கொள்வது, வருவது வரட்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

தன் வாசலுக்கு வந்தபோதுதான் சத்தம் கடலிலிருந்து வரவில்லை என்று கண்டாள். அது அவளுடைய தலைக்கு மேலே இருந்து வந்தது.

உள்ளே ஜமால்தீன் கட்டிலிலிருந்து சரிந்து நிலத்தில் கிடந்தார். அவளைக் கண்டதும் இடக்கையால் வாசலைக் காட்டினார். மாதக்கணக்கில் ஒரு சொல்லும் முழுசாய் வராத வாய்.

“ஓடு,” என்றார்.

“கடல் இல்ல. இது எங்கட பெட்டி,” என்று அவள் பொத்தானை அமத்திச் சத்தத்தை நிறுத்திவிட்டு, அவர் தலையை மடியில் எடுத்து வைத்தாள். குசினிக் கதவு திறந்து கிடந்தது. “றஹ்மா வந்தாளா?”

அவர் மறுபடியும் கையைக் கதவுப் பக்கம் நீட்டி, “ஓடு,” என்றார்.

றஹ்மா ஓடித்தான் இருந்தாள். ஒழுங்கை முனை மதகடியில் கால் தடுக்கி விழுந்து, கை முறிந்து, வயிற்று நோவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிள்ளைக்கு என்ன என்று உடனே சொல்ல ஏலாது என்றார் டொக்டர். அன்று நஜ்முன் நிஸாவின் குசினிக் கதவை ஒருவரும் தள்ளவில்லை. மறுநாளும் தள்ளவில்லை. பெட்டி பூட்டியது அவர் தனியே கிடக்கக் கூடாதென்று. இப்போது உண்மையிலேயே தனியாகக் கிடந்தார்.

நஜ்முன் நிஸா ஆஸ்பத்திரிக்குப் போனாள். றஹ்மாவின் புருஷன் இக்ராம் வாசலை மறித்து நின்றான்.

“ராத்தா, உங்கட பெட்டியால என்ட புள்ள போயிருந்தா?”

“என்னை என்ன சொன்னாலும் சரி தம்பி. அவளை ஒருக்காப் பார்த்துட்டுப் போறேன்.”

அவன் விலகினான். றஹ்மா அவளைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபம் என்றுதான் நஜ்முன் நிஸா நினைத்தாள்.

“மன்னிச்சுக்கொள்ளு புள்ள. நான் உனக்குச் சொல்லியிருக்க வேணும்.”

“நீங்க ஏன் மன்னிப்புக் கேட்கிறீங்க?” சுவரைப் பார்த்தபடியே றஹ்மா சொன்னாள். “சூப்புக் கிண்ணத்தைக்கூட நான் கீழ போடல்ல ராத்தா. கிண்ணத்தை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கொண்டு ஓடினேன். அவரை விட்டுட்டுப் போனேன். பின்னால கூப்பிட்டார். கேட்டது. நான் திரும்பல்ல.”

“அவர் கூப்பிடல்ல.”

றஹ்மா மெல்லத் திரும்பினாள்.

“உன்னை ஓடச் சொன்னவர். எனக்கும் அதைத்தான் சொன்னார். ஒரு வருஷமா எனக்கெண்டு ஒரு சொல் சொல்லாத மனுசன், அந்த ஒரு சொல்லைத்தான் வெளிய கொண்டு வந்தார்.”

றஹ்மா நல்ல கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இக்ராம் வாசலிலேயே நின்றான். பிறகு யாருக்கும் சொல்லாமல் வெளியே போனான்.

அல்லாஹ்வின் கிருபை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நஜ்முன் நிஸா றிப்தியைக் கூப்பிட்டாள். அவன் ஏணியோடு வந்தான். “கழட்டவா மாமி?”

“பெட்டி கிடக்கட்டும். சத்தத்தைக் கழட்டு.”

“சத்தம் இல்லாம என்னத்துக்கு?”

“பெட்டிதான் முக்கியமெண்டு நீதானேடா சொன்னாய்?”

அன்று பின்னேரம் ஒழுங்கைப் பெண்களைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, நடந்ததைச் சொன்னாள். பெட்டி ஊமை, இனி அது வாய் திறக்காது, கள்ளனுக்கு மட்டும் தெரிய வேண்டாம். நுஸ்ரத்தான் ஆரம்பித்தாள். “பொலிசுக்குப் படம் அனுப்புதெண்டு சொல்லுவம்.” மற்றொருத்தி, “மூண்டு பாஷையிலயும் ஏசுமாம்,” என்றாள். அன்று முதல் அந்த ஒழுங்கைக்கு வரும் பழைய இரும்புக்காரன், சேலைக்காரன் எல்லாரும் பெட்டியைக் கண்டால் சலாம் வைக்காத குறை. குசினிக் கதவும் பழையபடி தள்ளுப்பட்டது.

கொஞ்ச நாளில் இக்ராம் ஒரு கதிரையோடு வந்தான். கைபிடிக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளக் கம்பு வைத்துக் கட்டியிருந்தான். பெட்டிக்கு நேர் கீழே, வாசலடியில் வைத்தான். “இது இஞ்ச கிடக்கட்டும் ராத்தா,” என்றான்.

பிறகொரு நாள், சுனாமி ஒத்திகை என்று பள்ளிவாசலில் முன்கூட்டியே அறிவித்தார்கள். அறிவித்திருந்தும், கோபுரம் ஊளையிட்டபோது நஜ்முன் நிஸா கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் கட்டிலுக்குப் போகுமுன்பே இக்ராமும் நுஸ்ரத்தின் புருஷன் அஷ்பாக்கும் உள்ளே வந்துவிட்டார்கள்.

“மச்சான், பாதை வந்திட்டு, ஏறுங்க!” என்றார் அஷ்பாக்.

ஜமால்தீனைக் கதிரையில் இருத்தி, கம்பைத் தோளில் வைத்தார்கள். ஒழுங்கையில் சனம் இரண்டு பக்கமும் ஒதுங்கி, கதிரையை முன்னே போக விட்டது. றஹ்மா மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நஜ்முன் நிஸாவின் பக்கத்தில் நடந்தாள்.

கொஞ்சத் தூரம் போனபின் ஜமால்தீன் தலையைத் திருப்பினார். வாசல் திறந்தபடி கிடந்தது. நிலைக்கு மேலே சிவப்பு வெளிச்சம் சிமிட்டிக்கொண்டிருந்தது.

“கதவு,” என்றார்.

“கிடக்கட்டும்,” என்றாள் நஜ்முன் நிஸா. திரும்பிப் பார்க்காமல், கதிரையின் விளிம்பைப் பிடித்தபடி நடந்தாள்.